துறவு மடங்களின் இலத்தீன் துதிப்பாடல்கள்: இயற்றியவர் யார், வரலாறு என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துதிப்பாடல் என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறோம்?

திருப்பலியில் பாடப்படும் பாடல்களை அல்ல. துறவு மடங்களில் இரவிலும் விடியலிலும் பகலின் குறித்த வேளைகளிலும் துறவியர் ஒன்றுகூடி நடத்தும் வழிபாடு ஒன்று உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் அதை முன்னாளில் கட்டளைச் செபம் என்றார்கள்; இப்போது திருப்புகழ்மாலை என்கிறார்கள். அந்த வழிபாட்டின் பெரும்பகுதி விவிலியத்தின் 150 திருப்பாடல்களே. அவற்றுக்கு நடுவே, விவிலியச் சொற்களை அப்படியே எடுக்காமல் ஒரு புலவர் தாமே யாத்த செய்யுள் ஒன்றும் ஒவ்வொரு வேளையிலும் பாடப்படும். அதன் கண்ணிகள் எல்லாம் ஒரே அளவில் அமைந்து, ஒரே மெட்டில் பாடப்படும். கடைசிக் கண்ணி பெரும்பாலும் மூவொரு கடவுளைப் புகழ்ந்து முடியும். அளவில் சிறியதாயினும், இது எந்த வேளை, இன்று என்ன திருநாள் என்பதை வழிபடுவோருக்கு உணர்த்துவது இந்தப் பாடல்தான்.

மேற்குத் திருச்சபையில் இவ்வகைப் பாடலை முதலில் எழுதியவர் யார்?

பெயர் தெரிந்தவர்களுள் முதல்வர் பிரான்சின் புவாத்தியே நகர ஆயர் இலாரி. அவர் 356 முதல் சில ஆண்டுகள் சிற்றாசியாவின் பிரிகியா பகுதிக்கு நாடுகடத்தப்பட்டிருந்தார்; கிழக்குத் திருச்சபையின் கிரேக்கப் பாடல் வழக்கம் அவருக்கு அங்கே அறிமுகமாகியிருக்க வேண்டும். அவர் பாடல் நூல் ஒன்று எழுதியதாக, விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் குறிப்பிட்டிருந்தும், அந்த நூல் பல நூற்றாண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை. 1884இல் இத்தாலியின் அரெத்சோ நகரில் கிடைத்த ஒரு கையெழுத்துப் படியில்தான் அவருடைய மூன்று பாடல்கள், அவையும் முழுமையற்ற நிலையில், வெளிப்பட்டன. அவை நீண்டவை, யாப்பில் கடினமானவை, கோட்பாட்டு விவாதம் நிறைந்தவை. எந்த மடத்திலும் அவை வழிபாட்டுப் பாடலாக நிலைக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

அப்படியானால் மிலான் ஆயர் அம்புரோசியார் இம்மரபின் தந்தை எனப்படுவது ஏன்?

மக்கள் பாடக்கூடிய வடிவத்தைக் கண்டவர் அவர். 386ஆம் ஆண்டில், சிறுவயதுப் பேரரசர் இரண்டாம் வாலண்டினியனின் தாய் யுஸ்தினா, தாம் ஆதரித்த ஆரியுஸ் கொள்கையினருக்காக (கிறிஸ்து தந்தைக்கு நிகரான கடவுள் அல்லர் என்றவர்கள்) மிலான் நகரத் தேவாலயம் ஒன்றைக் கேட்டார். ஆயர் மறுத்தார். மக்கள் தேவாலயத்தினுள்ளேயே இரவும் பகலும் காவல் இருந்தார்கள், வெளியே படைவீரர் நின்றார்கள். அந்த மக்கள் சோர்ந்துவிடாதிருக்கக் கிழக்கு நாட்டு வழக்கப்படி திருப்பாடல்களையும் துதிப்பாடல்களையும் பாடும் முறை அப்போதுதான் ஏற்படுத்தப்பட்டது என்று, அக்காலத்தில் மிலானில் வாழ்ந்த, பின்னாளில் ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன் தம் ‘ஒப்புகைகள்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதுகிறார். பாடல்களால் மக்களை மயக்குகிறார் என்று எதிரிகள் குற்றஞ்சாட்டியபோது அம்புரோசியார் அதை மறுக்கவில்லை. மூவொரு கடவுளை நாள்தோறும் மக்கள் வாயால் அறிக்கையிடுவதைவிட வலிமையான மந்திரம் ஏது என்று திருப்பிக் கேட்டார்.

வடிவம் எளியது: அடிக்கு எட்டு அசை, கண்ணிக்கு நான்கு அடி, பாடலுக்கு எட்டுக் கண்ணி. மாலையில் பாடும் ‘தேயுஸ் கிரேயாத்தோர் ஓம்னியும்’ என்ற பாடலின் முதல் கண்ணி, அனைத்தையும் படைத்து வானத்தை ஆளும் கடவுள் பகலுக்கு ஒளியின் அழகையும் இரவுக்கு உறக்கத்தின் அருளையும் உடுத்துகிறார் என்கிறது. இதே அடியைத்தான் அகுஸ்தீன் காலம் என்பது என்ன என்று ஆராயும்போது எடுத்துக்கொள்கிறார். அதன் எட்டு அசைகளில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு குறுகியவை, மற்றவை நெடியவை, நெடியது குறியதைப்போல் இரு மடங்கு நேரம் கொள்கிறது. ஒலித்து மறைந்துவிட்ட அசையை மனம் எப்படி அளக்கிறது என்பதே அவர் எழுப்பும் கேள்வி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியிலேயே படித்த தமிழ் வாசகருக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

அம்புரோசியார் இயற்றியவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை எத்தனை?

ஐயத்துக்கு இடமின்றி நான்கு. சேவல் கூவும் வேளைக்குரிய ‘ஏத்தேர்னே ரேரும் கோந்தித்தோர்’, மேலே சொன்ன மாலைப் பாடல், மூன்றாம் மணிக்குரிய (காலை ஒன்பது மணியளவு) ‘யாம் சுர்ஜித் ஓரா தேர்சியா’ ஆகிய மூன்றிலிருந்தும் அகுஸ்தீன் அடிகளை எடுத்தாண்டு, அவை அம்புரோசியாருடையவை என்கிறார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குரிய ‘இந்தெந்தே குயீ ரேஜிஸ் இஸ்ராயேல்’ என்ற நான்காவதற்கு, 430இல் ரோமையில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் பேசிய திருத்தந்தை செலஸ்தீனின் சான்று உண்டு. இந்த நான்கின் யாப்பு, சொல்லாட்சி, அம்புரோசியாரின் உரைநடை நூல்களோடு உள்ள ஒப்புமை ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு ஆய்வாளர்கள் மேலும் சிலவற்றைச் சேர்க்கிறார்கள். 14 வரை ஏற்பது இன்று பரவலான நிலை. இடைக்காலக் கையெழுத்துப் படிகள் அவர் பெயரில் ஏற்றிய பாடல்களோ இதைப்போல் பல மடங்கு.

அவ்வளவு பாடல்கள் அவர் பெயரில் சேர்ந்தது எப்படி?

இதற்கு மோசடி காரணமல்ல. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் – பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் ஆசீர்வாதப்பர் – எழுதிய துறவுச் சட்டநூலைப் பார்த்தால் விடை கிடைக்கும். 9, 12, 13, 17 ஆகிய அதிகாரங்களில் வழிபாட்டின் ஒழுங்கைச் சொல்லும்போது, ‘அடுத்து அம்புரோசியானும்’ என்ற பாணியில் அவர் எழுதுகிறார். அந்தச் சொல் ஒரு பாடல் வகையையே குறிக்கிறது: எட்டசை அடி, நாலடிக் கண்ணி கொண்ட துதிப்பாடல். வடிவத்தின் பெயர் மெல்ல ஆசிரியரின் பெயராக வாசிக்கப்பட்டது. எழுதியவர் தம் பெயரைக் குறிக்காத, பாடுவோரும் கேட்காத ஒரு மரபில், தலைப்பில் இருந்த அச்சொல்லைப் படியெடுப்பவர் கையொப்பமாகக் கொண்டதைக் குறை சொல்வதற்கில்லை.

திருத்தந்தை பெரிய கிரகோரியின் பெயரில் வழங்கும் பாடல்களின் நிலை இதைவிடப் பலவீனமானது. ஞாயிறு மாலையில் பாடும் ‘லூசிஸ் கிரேயாத்தோர் ஓப்த்திமே’ முதலிய பல அவருடையவை என்று அச்சிட்ட நூல்கள் நேற்றுவரை சொல்லி வந்தன. ஆனால் அவர் துதிப்பாடல் எழுதினார் என்று அவர் காலத்தவர் ஒருவரும் சொல்லவில்லை. அவர் காலத்து ரோமையின் வேளை வழிபாட்டில் இத்தகைய பாடல்களுக்கு இடமே இருக்கவில்லை. ‘கடவுளே, உம்மைப் புகழ்கிறோம்’ என்று தொடங்கும் ‘தே தேயும்’ பாடலை அகுஸ்தீனின் திருமுழுக்கின்போது அவரும் அம்புரோசியாரும் மாறி மாறி அந்த இடத்திலேயே பாடி முடித்தார்கள் என்பதும் அழகான கதையே தவிர வரலாறு அல்ல.

பாடல் எழுதியவர்கள் எல்லாரும் துறவிகளா?

இல்லை. மடங்களில் நிலைத்த பாடல்களில் மிகப் புகழ்பெற்ற பல மடத்துக்கு வெளியே பிறந்தவை. ஸ்பெயினில் 348இல் பிறந்த புருதென்சியுஸ் அரசு அதிகாரியாக இருந்து ஓய்வுற்ற பொதுநிலையினர். வாசித்து இன்புற அவர் எழுதிய நீண்ட கவிதைகளிலிருந்து மடங்கள் தமக்கு வேண்டிய கண்ணிகளை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டன. ஐந்தாம் நூற்றாண்டின் செதூலியுஸ், கிறிஸ்துவின் வாழ்வை 23 கண்ணிகளில் இலத்தீன் அகரவரிசைப்படி பாடினார். ஆத்திசூடியைப் போல எழுத்து முறை மாறாமல் செல்லும் அந்தப் பாடலின் முதல் ஏழு எழுத்துகள், ‘ஆ சோலிஸ் ஓர்த்துஸ் கார்தினே’ என்று தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு விழாவின் காலைப்புகழுக்குப் போயின. எட்டாம் எழுத்தில் ஏரோது வருவதால், அங்கிருந்து சில கண்ணிகள் திருக்காட்சி விழாவுக்குப் போயின. நடுவே அறுபட்டது யாருக்கும் உறுத்தவில்லை.

இத்தாலியிலிருந்து பிரான்சுக்குப் புலவராகச் சென்ற வெனான்சியுஸ் பொர்த்துனாத்துஸின் கதை வேறு. துரிங்கிய இளவரசியாகப் பிறந்து, பிராங்கு மன்னனுக்கு மனைவியாகி, பின் அரண்மனையைத் துறந்து புவாத்தியேயில் பெண்துறவியர் மடம் அமைத்த இராதகுந்தா, பேரரசர் இரண்டாம் யுஸ்தினிடம் திருச்சிலுவையின் ஒரு துண்டைக் கேட்டுப் பெற்றார். 569இல் அது மடத்துக்கு வந்தபோது பொர்த்துனாத்துஸ் எழுதியதே ‘வெக்சில்லா ரேஜிஸ்’. மன்னரின் கொடிகள் முன்னேறுகின்றன என்று தொடங்கும் இப்பாடலில் சிலுவைமரம் அரியணையாகவும், உலகின் மீட்பு விலையை நிறுத்த தராசாகவும் வருகிறது. திருச்சிலுவையே ஒரே நம்பிக்கை என்று வாழ்த்தும் புகழ்பெற்ற கண்ணி அவருடையதன்று, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. இந்த ஒரு பாடலுக்கே இடம், காலம், தேவை, ஆசிரியர் அனைத்தும் தெரிந்திருப்பதும், அப்படியிருந்தும் அதனுள் பிறர் கை புகுந்திருப்பதும் இம்மரபின் இயல்பை நன்றாகக் காட்டுகின்றன.

விவிலியத்தில் இல்லாத பாடலைப் பாடுவதற்கு எதிர்ப்பு இருந்ததா?

கடுமையாகவே இருந்தது. போர்ச்சுகலின் பிராகா நகரில் 561இல் கூடிய சங்கம், திருநூலுக்கு வெளியே யாக்கப்பட்ட செய்யுள் எதையும் தேவாலயத்தில் பாடலாகாது என்று விதித்தது. அதே தீபகற்பத்தில் 633இல் தொலேதோ நகரில் கூடிய நான்காம் சங்கம் நேர்மாறாகத் தீர்மானித்தது. இலாரியும் அம்புரோசியாரும் இயற்றியவற்றை மனிதர் எழுதியவை என்பதால் மட்டுமே தள்ளுவதானால், ஒவ்வொரு திருப்பாடலின் முடிவிலும் சொல்லும் ‘தந்தைக்கும் மகனுக்கும்’ என்ற புகழுரையையும் தள்ள வேண்டிவரும். வானதூதர் பாடிய ‘உன்னதங்களிலே’ என்பதிலும் முதல் அடி தவிர மற்றவை மனிதர் சேர்த்தவைதானே என்று அது வாதிட்டது. இவ்வளவு நேர்த்தியான வாதத்தைச் சங்கத் தீர்மானங்களில் அடிக்கடி காண முடியாது.

ரோமை மட்டும் நெடுங்காலம் அசையவில்லை. அதன் வேளை வழிபாட்டில் துதிப்பாடல் இடம்பெற ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை இம்மரபைச் சுமந்தவை பெரும்பாலும் துறவு மடங்களே.

பெனடிக்ட் காலத்தில் பாடிய அதே பாடல்களைத்தான் பிற்கால மடங்களும் பாடினவா?

பெரும்பாலும் இல்லை. பழைய தொகுப்பு சிறியது. ஆர்ல் நகர ஆயர் செசாரியுஸ் ஆறாம் நூற்றாண்டில் பெண்துறவியருக்கு எழுதிய சட்டநூலில் எந்த வேளைக்கு எந்தப் பாடல் என்று முதலடியைக் குறித்திருப்பதால் அதன் அமைப்பை ஓரளவு அறியலாம். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய்வாளர்கள் ‘புதிய பாடல் தொகுப்பு’ என்றழைக்கும் வேறொரு தொகுதி பரவிப் பழையதை இடம்பெயர்த்தது. மூன்றாம் மணிக்கு அம்புரோசியாரின் நீண்ட பாடல் போய், ‘நூங்க் சாங்தே நோபிஸ் ஸ்பீரித்துஸ்’ என்ற குறும்பாடல் வந்தது. அதை எழுதியவர் பெயர் தெரியாது. தூய ஆவியாரை அழைக்கும் ‘வேனி கிரேயாத்தோர்’ இக்காலத்தது. ஃபுல்டா மடத்தின் தலைவராக இருந்து மைன்ஸ் பேராயரான இரபானுஸ் மவுருஸ் அதை எழுதியிருக்கலாம் என்பது வலுவான ஊகம், ஆனால் ஊகமே.

மூல ஆசிரியரின் பாடல்களை மட்டுமே பாடுவோம் என்று முயன்றவர்கள் உண்டா?

உண்டு, இந்த வரலாற்றின் சுவையான பகுதி இதுதான். 1098இல் சித்தோ மடத்தைத் தொடங்கிய சிஸ்டர்சியன் துறவியர், பெனடிக்டின் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கைக்கொள்ள விரும்பியவர்கள். சட்டநூல் ‘அம்புரோசியானும்’ என்று சொல்வதால் அம்புரோசியாரின் பாடல்கள் மட்டுமே பாடப்பட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மடத்தலைவர் இஸ்தேவான் ஆர்டிங் காலத்தில் மிலானுக்கே ஆள் அனுப்பி, அங்கே வழங்கிய பாடல்களையும் மெட்டுகளையும் படியெடுத்து வரச் செய்தார்கள். இவையே அம்புரோசியார் இயற்றியவை, இவற்றைத் தவிர வேறெதையும் பாட வேண்டாம் என்று ஆர்டிங் எழுதிய கடிதமும் உண்டு. பெனடிக்ட் வகையைச் சொன்னார், இவர்கள் ஆளைத் தேடினார்கள். அம்புரோசியார் இறந்து எழுநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் மிலான் தொகுப்பிலேயே பிறர் பாடல்கள் கலந்திருந்தன.

விளைவு, ஊரெல்லாம் அறிந்த பாடல்களை விட்டுவிட்டு, இரவு வழிபாட்டில் ஆண்டு முழுவதும், திருநாளிலும் சாதாரண நாளிலும், ஒரே பாடலைப் பாடும் நிலை. பிறர் வழக்கத்தை மாற்றினால் குறை காணும் நீங்கள், திருச்சபை முழுதும் பாடுவதைக் கைவிட்டது எப்படி என்று மெய்யியலாளரும் துறவியுமான பீட்டர் அபெலார்டு, கிளேர்வோ சிஸ்டர்சியன் மடத்தின் தலைவர் பெர்நார்துக்கு எழுதிய கடிதத்தில் குத்திக்காட்டினார். 1147 வாக்கில் பெர்நார்தின் தலைமையில் அத்தொகுப்பு திருத்தப்பட்டு, கைவிடப்பட்ட பழகிய பாடல்கள் சில திரும்பி வந்தன.

பெண்துறவியர் இதுபற்றி ஏதேனும் சொல்லியிருக்கிறார்களா?

மிகக் கூர்மையான விமர்சனமே அவர்களிடமிருந்துதான் வந்தது. பாராக்லீத் மடத்தின் தலைவி எலோயிஸ் அபெலார்டிடம் புதிய பாடல்கள் கேட்டார். அபெலார்டு தம் தொகுப்பின் முன்னுரையில் அவருடைய முறையீட்டைப் பதிவு செய்திருக்கிறார். எந்தப் பாடல் யாருடையது என்று தெரியவில்லை. ஆசிரியர் தெரிந்தவற்றிலும் அசைகள் கூடியும் குறைந்தும் இருப்பதால் மெட்டில் அடங்குவதில்லை. கன்னியரும் மறைசாட்சியரும் அல்லாத புனிதப் பெண்களுக்குப் பாடலே இல்லை. எல்லாவற்றையும்விட அழுத்தமானது அடுத்த குறை: நள்ளிரவில் எழுந்தோம் என்னும் பாடலை விடிந்தபின் பாடுகிறோம், கண்ணீரோடு வேண்டுகிறோம் என்னும் பாடலைக் கண்ணீரில்லாமல் பாடுகிறோம், கடவுள் முன் பொய் சொல்கிறோம். இதற்கு விடையாக அபெலார்டு எழுதியவை 130க்கும் மேற்பட்டவை. யாருக்காக, யார் கேட்டு, எதற்காக எழுதப்பட்டது என்பது இவ்வளவு துலக்கமாகத் தெரியும் துதிப்பாடல் தொகுப்பு இடைக்காலத்தில் அரிது. ஆயினும் அவை பாராக்லீத்துக்கு வெளியே அதிகம் பரவவில்லை.

அதே நூற்றாண்டில் பிங்கன் நகர இல்தகார்து தாமே பாடலும் இசையும் இயற்றினார். அவருடைய வடிவங்கள் நாலடிக் கண்ணிக்குள் அடங்காதவை.

துறவியர் பொருள் புரிந்துதான் பாடினார்களா?

இலத்தீன் தாய்மொழியாக இல்லாத இங்கிலாந்து மடங்களில் இது உண்மையான சிக்கலாக இருந்தது. சில படிகளில் வரிகளுக்கு நடுவே பழைய ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதப்பட்டிருக்கிறது. இன்னொரு முறை, செய்யுளின் சொற்களை உரைநடை வரிசையில் மாற்றி அடுக்கி எழுதுவது. நம் உரையாசிரியர்கள் கொண்டுகூட்டிப் பொருள் கொள்வதற்கு இது மிக அருகில் வருகிறது. புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் திருப்பாடல்களையும் துதிப்பாடல்களையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். விளக்கு குறைந்த இரவு வழிபாட்டில் ஏட்டைப் பார்த்துப் பாட இயலாது.

மெட்டுகளை அமைத்தவர் யார்?

பெயர்கள் இல்லை. ஒரே யாப்பில் அமைந்த பாடல்கள் மெட்டை மாற்றிக்கொள்ளும்; ஒரே பாடல் மடத்துக்கு மடம் வேறு மெட்டில் ஒலிக்கும். திருமுழுக்கு யோவான் விழாவின் ‘ஊத் குவேயாந்த் லாக்சிஸ்’ பாடலை, மோந்தே கசினோ துறவி பவுல் தியாக்கோன் எழுதியதாகச் சொல்வது வழக்கம், சான்று உறுதியானதன்று. 11ஆம் நூற்றாண்டில் அரெத்சோவின் குயிதோ, ஒவ்வோர் அடிப்பகுதியும் ஒரு சுரம் ஏறித் தொடங்கும் அதன் மெட்டைக் கொண்டு பாடகர்களைப் பழக்கினார். ஊத், ரே, மி, பா, சோல், லா என்னும் சுரப்பெயர்கள் அதிலிருந்து வந்தவை.

பழைய பாடல்கள் ‘திருத்தப்பட்டன’ என்பது உண்மையா?

உண்மை. தாமே இலத்தீன் கவிஞரான திருத்தந்தை எட்டாம் உர்பான், இயேசு சபையினர் நால்வரைக் கொண்டு பாடல்களைப் பண்டைய ரோமைக் கவிகளின் இலக்கணத்துக்கு இசையத் திருத்தி, 1632இன் செப நூலில் சேர்த்தார். 98 பாடல்களில் 952 மாற்றங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குறில் நெடில் அளவைக் கைவிட்டு, அழுத்தத்தால் ஓசை கொண்ட இடைக்காலப் பாடல்களே மிகவும் அடிபட்டன. அவற்றின் ஓசை வேறு விதிப்படி அமைந்தது என்பதைத் திருத்தியவர்கள் பொருட்படுத்தவில்லை. இலத்தீன் நயம் வந்தது, பக்தி போனது என்ற கேலிமொழி அப்போது எழுந்தது. பெனடிக்டின், சிஸ்டர்சியன், கர்த்தூசியன், தொமினிக்கன் சபையினர் இந்தத் திருத்தத்தை ஏற்காமல் பழைய பாடத்தையே தொடர்ந்து பாடினார்கள். பிடிவாதம் சில வேளைகளில் நல்ல பதிப்பாசிரியர்.

இன்றைய நிலை என்ன?

1886 முதல் 1922 வரை 55 தொகுதிகளாக வெளிவந்த ‘அனலெக்தா இம்னிக்கா’ இடைக்காலப் பாடல்களைப் பெருமளவில் அச்சேற்றியது. யுலிஸ் செவாலியே தொகுத்த முதலடி அகராதியில் மட்டும் ஏறத்தாழ 42,000 பதிவுகள் உள்ளன. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்துக்குப் பின், மோந்தே கசினோ துறவி அன்செல்மோ லெந்தினியின் தலைமையில் ஒரு குழு உர்பானின் திருத்தங்களை நீக்கிப் பழைய பாடங்களை மீட்டது. 1971 முதல் வெளிவந்த ரோமைத் திருப்புகழ்மாலையில் அவை இடம்பெற்றன. ஒவ்வொரு பாடலுக்கும் ஆசிரியர் அல்லது நூற்றாண்டைக் குறிக்கும் நூலொன்றையும் லெந்தினி 1984இல் வெளியிட்டார். அதில் பெயருக்குப் பதில் நூற்றாண்டு மட்டுமே நிற்கும் இடங்கள் மிகப் பல.

இவற்றுள் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பழக்கமானது ஏதேனும் உண்டா?

நற்கருணை ஆசீரின்போது பாடும் ‘மாண்புயர் இவ்வருட்சாதனத்தை’ என்பது, முன்பு இலத்தீனிலேயே பாடப்பட்ட ‘தாந்தும் எர்கோ’வின் தமிழ் வடிவம். அது தனிப்பாடல் அன்று. நற்கருணைப் பெருவிழாவை 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் ஏற்படுத்தியபோது தொமினிக்கன் துறவி தாமஸ் அக்குவினாஸ் எழுதியதாக ஏற்கப்படும் மாலைப்புகழ்ப் பாடலின் கடைசி இரு கண்ணிகளே அவை. அந்தப் பாடலின் தொடக்கமான ‘பாஞ்சே லிங்குவா குளோரியோசி’ என்ற மூன்று சொற்களும், அதே பெயர் கொண்ட பொர்த்துனாத்துஸின் திருச்சிலுவைப் பாடலிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை.